வண்டி இழுக்கலைன்னா எஞ்சின் போச்சுன்னு அர்த்தமில்லை

இம்மாதப் பாடம்: பழைய பிக்கப் வண்டியில் இழுவை குறைந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?



மாடு பிடிக்கக் கடன் வாங்கினோம். தறி போடக் கடன் வாங்கினோம். இப்போது பல வீடுகளில் வண்டி வாங்கவும் கடன் வாங்குகிறோம். அந்தியூருக்கு வெற்றிலைக் கட்டு, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குத் தேங்காய், பர்கூர் மலையிலிருந்து ராகியும் பலாவும் புளியும், ஈரோட்டுக்கு மஞ்சள் என்று நம் பகுதியில் எந்தச் சரக்கும் ஒரு பிக்கப் வண்டியில்தான் ஏறி இறங்குகிறது. புது வண்டி வாங்க வசதி இல்லாததால் பத்து வருசம், பதினைந்து வருசம் ஓடிய வண்டியாகப் பார்த்து வாங்குகிறோம். அதில் தவறில்லை. ஆனால் பழைய வண்டி ஒருநாள் தன் குணத்தைக் காட்டும்.

டிரைவர் வந்து நிற்பார். "அக்கா, வண்டி முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குதுங்க. மேடு ஏறவே மாட்டேங்குது. எஞ்சின் வேலை வந்திருச்சாட்ட இருக்குதுங்க" என்பார். எஞ்சின் வேலை என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டதும் நமக்கு வயிறு கலங்கிப் போகும். மாதத் தவணை கட்ட வேண்டிய பணம் பட்டறைக்குப் போகும். அது போதாமல் குழுவில் இன்னொரு உள்கடன் கேட்க வேண்டிவரும். அந்தக் கடனுக்கும் சேர்த்து வட்டி கட்டுவது நாம்தான்.

இந்தப் பாடம் உங்களை மெக்கானிக் ஆக்குவதற்கு அல்ல. பணம் கொடுக்கிறவர் நாம் என்பதால், எந்த வேலைக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அதற்குத்தான். இழுவை குறைவதற்குப் பத்துப் பதினைந்து காரணங்கள் உண்டு. அதில் பாதிக்கு மேல் காசில்லாமலோ, சின்னச் செலவிலோ முடிந்துவிடக் கூடியவை. எஞ்சினைப் பிரிப்பது கடைசிப் படி. கடைசிப் படியில் கால் வைக்கும் முன் மற்றப் படிகளை ஏறிப் பார்த்துவிட வேண்டும்.

எஞ்சின் எப்படி இழுக்கிறது?

நம் பகுதியில் ஓடும் பழைய பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் டீசல் வண்டிகள். மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா 207, 2005இல் வந்து குட்டியானை என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ் ஆகியவைதான் அதிகம். இவற்றின் எஞ்சினுக்கு மூலம், ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சின். அவர் பெயரையே எண்ணெய்க்கும் வைத்துவிட்டார்கள்.

டீசல் எஞ்சினில் நெருப்புப் பற்றவைக்க பெட்ரோல் வண்டியைப் போல பிளக் கிடையாது. காற்றை ஒரு சின்ன இடத்துக்குள் போட்டு இறுக்கி அழுத்தினால் காற்று பயங்கரமாகச் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் பூந்தூறல் மாதிரி அடித்தால் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான்.

ஆகவே எஞ்சின் நன்றாக இழுக்க நான்கு வேண்டும்.

1. போதுமான காற்று.
2. சுத்தமான, போதுமான டீசல்.
3. காற்று கசியாத அழுத்தம்.
4. சரியான நேரத்தில் டீசல் அடிப்பது.

இதோடு இன்னும் இரண்டு. எரிந்த புகை வெளியே போக வழி இருக்க வேண்டும். எஞ்சினில் பிறந்த சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. விறகடுப்பில் காற்று போகாவிட்டால் கரும்புகை வரும், சோறு வேகாது. ஊதாங்குழலில் ஊதினால் தீ பிடிக்கும். விறகு ஈரமாக இருந்தால் வெள்ளைப் புகை. குக்கரில் கேஸ்கெட் தேய்ந்தால் விசில் வராது. வண்டியிலும் இதே கணக்குத்தான்.

முதலில் டிரைவரிடம் கேளுங்கள்

வைத்தியரிடம் போனால் ஊசியைக் கையில் எடுக்கும் முன் நாலு கேள்வி கேட்பார். வண்டிக்கும் அப்படித்தான். கீழே உள்ள கேள்விகளைக் கேட்டு பதிலை எழுதி வையுங்கள்.

• இழுவை திடீரென்று குறைந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகவா? (திடீரென்று என்றால் அடைப்பு, ஹோஸ் கழன்றது, கேபிள் போன்றவை. மெல்ல மெல்ல என்றால் ஃபில்டர், கிளட்ச், எஞ்சின் தேய்மானம்.)
• அதற்கு முன் என்ன நடந்தது? புது இடத்தில் டீசல் போட்டோமா, தண்ணீரில் இறக்கினோமா, பட்டறையில் ஏதாவது வேலை பார்த்தோமா?
• சரக்கு ஏற்றினால் மட்டுமா, வெறும் வண்டியிலுமா?
• காலையில் ஸ்டார்ட் ஆகும்போதா, சூடேறிய பிறகா?
• எஞ்சின் உறுமுகிறதா? உறுமியும் வேகம் வரவில்லையா, அல்லது உறுமவே இல்லையா?
• என்ன நிறத்தில் புகை?
• ஆயிலோ, ரேடியேட்டர் தண்ணீரோ குறைகிறதா?

இந்தப் பதில்களோடு பட்டறைக்குப் போனாலே மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும். "வண்டி சரியில்ல, என்னன்னு பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருவதுதான் நமக்கு அதிகச் செலவு வைக்கிறது.

வண்டி நோட்டு

தீர்மான நோட்டு, வரவு செலவு நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு வண்டி நோட்டு ஒரு பெரிய வேலை இல்லை. தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், ஊற்றிய ஆயில், செய்த வேலை என்று ஐந்து கட்டம் போதும். ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி எழுதினால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 11தான் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,540 கிலோமீட்டர் ஓடினால் முன்பு 110 லிட்டர் போதும். இப்போது 140 லிட்டர் வேண்டும். 30 லிட்டர் அதிகம். கணக்குக்கு லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,700 ரூபாய், வருசத்துக்கு 32,400 ரூபாய். ஒரு சின்ன அடைப்பைக் கவனிக்காமல் விட்டால் இவ்வளவு பணம் புகையாகப் போகும். இழுவை குறைவதை டிரைவரின் கால் உணர்வதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும்.

படி 1: குறை எஞ்சினிலா, வெளியிலா?

எஞ்சின் நன்றாகவே இருக்கும். வேறு ஏதாவது வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். மாட்டைக் குறை சொல்லும் முன் வண்டிச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும் அல்லவா?

பாரம்: டாடா ஏஸ் முதலில் வந்தபோது இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் எஞ்சின், 750 கிலோ ஏற்றத்தான் செய்தார்கள். அதில் ஒன்றரை டன் ஏற்றிவிட்டு இழுக்கவில்லை என்றால் அது வண்டியின் குறை அல்ல. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையைப் பாருங்கள்.

டயர்: காற்றுக் குறைந்த டயர் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். மாதம் இரண்டு முறையாவது காற்றுப் பார்க்க வேண்டும்.

பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது: சமமான, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் மெதுவாகப் போய் நியூட்ரல் போட்டால் வண்டி கொஞ்ச தூரம் தானாக உருள வேண்டும். சட்டென்று நின்றால் பிரேக் பிடித்திருக்கிறது. ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மற்றதைவிட ஒன்றில் மட்டும் 'சுர்' என்று ஆவி பறந்தால் அந்தச் சக்கரத்தில்தான் கோளாறு. கையால் தொட வேண்டாம், சுட்டுவிடும். ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுசாக விடாமல் இருப்பதும் உண்டு.

கிளட்ச்: எஞ்சின் உறுமுகிறது, வேகம் மட்டும் வரவில்லை, மேட்டில் கருகிய வாடை வருகிறது என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. இதற்கு ஒரு சோதனை உண்டு. சமதரையில், வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்காமல், டிரைவர் ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்து, டாப் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட வேண்டும். எஞ்சின் திணறி ஆஃப் ஆனால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு தடவை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

ஆக்சிலேட்டர் கேபிள்: ஒருவர் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பெடலை அடிவரை மிதிக்கட்டும். இன்னொருவர் பானெட்டைத் திறந்து, கேபிள் போய்ச் சேரும் பம்ப் லீவர் கடைசிவரை போகிறதா என்று பார்க்கட்டும். கேபிள் நீண்டுபோயிருந்தால் பெடல் முழுசாக அமுங்கும், லீவர் முக்கால்தான் திரும்பும். ஒரு ஸ்பேனர் போதும், காசே வேண்டாம். பெடலுக்கு அடியில் மடிந்து கிடக்கும் கால்மிதியால் இழுவை குறைந்த வண்டிகளும் உண்டு.

படி 2: காற்று

நம் பாதைகள் எப்படிப்பட்டவை என்று சொல்லத் தேவையில்லை. செங்கல் சூளைப் பாதை, மக்காச்சோளம் அடிக்கும் களம், மஞ்சள் பாலிஷ் போடும் இடம் எல்லாமே தூசி. டவுனில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் மாற்றச் சொல்லும் கிலோமீட்டர் கணக்கு நம் வண்டிக்குப் பொருந்தாது. அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே ஒரு டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடைப்பு. காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசக் கூடாது, சுவரில் அடித்துத் தட்டவும் கூடாது. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான காற்றில் ஊத வேண்டும். கிழிந்திருந்தாலோ எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தாலோ மாற்றிவிட வேண்டும். காசு மிச்சம் என்று ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் மண்தூசி நேராக எஞ்சினுக்குள் போய் ரிங்கையும் லைனரையும் அரம் மாதிரி ராவிவிடும். அப்புறம் நிஜமாகவே எஞ்சின் வேலைதான்.

இன்னும் பழைய வண்டிகளில் அடியில் ஆயில் ஊற்றும் வகை ஏர் கிளீனர் இருக்கும். அதில் சேறு சேர்ந்திருந்தால் டீசலில் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்ற வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது.

மலை உயர உயரக் காற்று மெலிசாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். டர்போ இல்லாத வண்டி ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். தாமரைக்கரை, பர்கூர் பக்கம் போகும்போது குட்டியானை கொஞ்சம் திணறுவது இயல்பு. அந்தியூர் சமவெளியில் திணறினால்தான் கோளாறு.

படி 3: டீசல்

கொஞ்ச தூரம் நன்றாகப் போகும், ஏற்றத்தில் மிதித்ததும் 'குதிச்சு குதிச்சு' போகும், புகையும் வராது. இப்படி என்றால் எஞ்சினுக்குப் பசி. டீசல் போய்ச் சேரவில்லை.

டேங்க் மூடி: இதைத்தான் முதலில் பாருங்கள். டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். மூடியில் உள்ள சின்ன ஓட்டை மண் அடைத்துக்கொண்டால் டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். வண்டி திணறும் நேரத்தில் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, அதற்குப் பிறகு வண்டி நன்றாக ஓடினால் நோய் தெரிந்துவிட்டது.

டீசல் ஃபில்டர்: கிலோமீட்டர் கணக்குப்படி மாற்ற வேண்டியது. வண்டி நோட்டில் கடைசியாக மாற்றிய தேதியைப் பாருங்கள். எழுதியே இல்லை என்றால் மாற்ற வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: ஃபில்டருக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். மழைக்காலத்திலும், கேனில் டீசல் வாங்கி வைத்து ஊற்றும் வீடுகளிலும் இது அதிகம்.

காற்றுப் பிடித்தல்: டீசல் வரும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, ஆனால் காற்று உள்ளே புகும். ஃபில்டர் மேல் உள்ள கைப்பம்பை அழுத்திக் காற்றை எடுத்தால் சரியாகும். இரண்டு நாளில் மறுபடி வந்தால் ஹோஸையும் கிளிப்பையும் மாற்ற வேண்டும்.

ஒரு வார்த்தை. விலை குறைவு என்று மண்ணெண்ணெய் கலந்த டீசல் ஊற்றாதீர்கள். டீசலின் வழவழப்புத்தான் பம்புக்கும் நாசிலுக்கும் எண்ணெய். மண்ணெண்ணெயில் அது இல்லை. நூறு ரூபாய் மிச்சம் பிடித்து பம்பைத் தேய்த்துக்கொள்வது நல்ல கணக்கு அல்ல.

படி 4: புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை: டீசல் அதிகம், காற்றுக் குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸ் கழன்றது, நாசில் ஒழுகுவது, அளவுக்கு மீறிய பாரம்.

வெள்ளைப் புகை: காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் பரவாயில்லை. நிற்காமல் வந்து, டீசல் வாடையும் அடித்தால் டீசல் சரியாக எரியவில்லை. ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் உள்ளே கசிகிறது. உடனே வண்டியை நிறுத்த வேண்டும்.

நீலப் புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு பக்கம் தேய்மானம், இல்லாவிட்டால் டர்போவில் ஆயில் கசிவு.

புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்திருந்தால் டீசல் வரத்து, கேபிள், பிரேக், கிளட்ச் பக்கம் திரும்பவும் பாருங்கள்.

படி 5: டர்போ, சைலன்சர், நாசில்

பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளில் டர்போ உண்டு. இது எஞ்சினுக்கு ஊதாங்குழல். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகும் தடித்த ரப்பர் ஹோஸில் வெடிப்பு விழுந்தாலோ கிளிப் தளர்ந்தாலோ காற்று வழியிலேயே போய்விடும். மிதித்தால் 'ஸ்ஸ்' என்ற சத்தம், கரும்புகை, ஹோஸ் ஓரத்தில் ஆயில் பிசுக்கு ஆகிய மூன்றும் அடையாளம். எஞ்சின் ஆறிய பிறகு ஹோஸை அடிப்பக்கமும் தடவிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் இருக்கும்.

சைலன்சர் கல்லில் இடித்து நசுங்கியிருந்தாலோ உள்ளே கரி அடைத்திருந்தாலோ புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சின் மூச்சுத் திணறும்.

நாசில், பம்ப் வேலையைச் சாதாரணப் பட்டறையில் செய்யக் கூடாது. பம்பும் நாசிலும் மட்டும் பார்க்கும் பட்டறைகள் தனியாக உண்டு. அங்கே மிஷினில் மாட்டி அளந்துதான் சரிசெய்வார்கள். பம்பில் உள்ள திருகைத் திருப்பி "டீசல் கூட்டி விட்டுட்டேன், இப்ப இழுக்கும்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அன்றைக்கு இழுக்கும். டீசலும் குடிக்கும், எஞ்சினும் சூடேறும்.

எச்சரிக்கை: நாடு முழுவதும் பி.எஸ். 4 விதி 2017 ஏப்ரலில் வந்தது. அதற்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் டீசல் மிக அதிக அழுத்தத்தில் போகும். ஓடும் எஞ்சினில் அந்தக் குழாய்களைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். யாரும் கை வைக்க வேண்டாம். இந்த வண்டிகளில் மீட்டர் பலகையில் எஞ்சின் விளக்கு எரிந்தால், எஞ்சினைக் காப்பாற்ற வண்டியே தன் சக்தியைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் ஒரு சென்சாரோ ஒரு ஒயரோதான் காரணமாக இருக்கும்.

படி 6: எஞ்சினின் உள்ளே

முதல் ஐந்து படியும் பார்த்தாயிற்று, குறை தீரவில்லை என்றால் மட்டும் இந்தப் படி.

• ஆயில் மூடிச் சோதனை: எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி, எடுக்காமல் அப்படியே மேலே வையுங்கள். லேசான ஆவி இயல்பு. மூடி துள்ளிக் குதித்து, 'குப் குப்' என்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் வழியாக அழுத்தம் கீழே இறங்குகிறது. சூடான ஆயில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.
• ஆயில் நிறம்: அளவுக் கம்பியில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது.
• டேப்பட்: வால்வு இடைவெளி மாறியிருந்தால் இழுவை குறையும். இதைச் சரிசெய்வது சின்ன வேலை. எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.
• கம்ப்ரஷன் சோதனை: ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்து அழுத்தம் அளப்பது. போர் வேலை, ரிங் வேலை என்று யார் சொன்னாலும், "கம்ப்ரஷன் பாத்தீங்களாங்க? எந்த சிலிண்டர்ல எவ்வளவுங்க?" என்று கேளுங்கள். எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அளக்காமல் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்.

சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.

இரண்டு வண்டிகள்

எங்கள் களப்பணியில் பார்த்த இரண்டு வண்டிகளைப் பற்றிச் சொல்கிறோம்.

முதல் வண்டி மலையடிவார ஊரில் ஒரு உறுப்பினர் வீட்டு வண்டி. டர்போ உள்ளது. கரும்புகை, ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு மேல் போகவில்லை. ஒரு பட்டறையில் எஞ்சினை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குழுவில் உள்கடன் கேட்டு வந்தார். ஊக்குநர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப இருந்து இப்படிங்க?" என்பதுதான். ஒரே நாளில் வந்தது என்று தெரிந்தது. எஞ்சின் ஒரே நாளில் தேயாதே என்று உறுப்பினர்களே பேசினார்கள். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டியபோது டர்போ ஹோஸின் அடிப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. ஹோஸும் இரண்டு கிளிப்பும் மாற்றினார்கள். கடன் மனு திரும்பப் பெறப்பட்டது.

இரண்டாவது வண்டி வேறு கதை. இழுவை ஒரு வருசமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நீலப் புகை, காலையில் ஸ்டார்ட் ஆக அடம், மாதா மாதம் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. ஆயில் மூடி துள்ளியது. கம்ப்ரஷன் அளந்ததில் இரண்டு சிலிண்டரில் அழுத்தம் மிகக் குறைவு. இது நிஜமான எஞ்சின் வேலை. மெக்கானிக் சொன்னது சரிதான். குழுவினர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வேலைக்கு ஆகும் தொகை, வண்டியின் இன்றைய விலையில் பாதிக்கு மேல் வந்தது. எட்டு வருசம் தாண்டிய வண்டிக்கு வருசா வருசம் எஃப்.சி. செலவும் உண்டு. எனவே அப்படியே விற்றுவிட்டு, மீதிக் கடனை அடைத்தார்கள். உறுப்பினருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கடனுக்கு மேல் கடன் ஏறவில்லை.

இரண்டு வண்டிக்கும் டிரைவர் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "இழுக்கலைங்க." ஆனால் ஒன்றுக்கு ஹோஸ் மாற்றினால் போதும், இன்னொன்றை விற்றுவிடுவதே லாபம். அளந்து பார்த்ததால்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது.

பட்டறையில் நடந்துகொள்ளும் முறை

மெக்கானிக்குகள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நாம் சொல்லவில்லை. கை கறுக்க உழைக்கிற ஆட்கள். நிறையப் பேர் கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். ஆனால் "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்கக்கா, அண்ணனை வரச் சொல்லுங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்போது சண்டை வேண்டாம். "கடன் எம் பேர்லதானுங்க தம்பி. நானே தெரிஞ்சுக்கறேன், சொல்லுங்க" என்று சொன்னால் போதும்.

1. வேலை தொடங்கும் முன் என்னென்ன வேலை, எவ்வளவு ஆகும் என்று காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.
2. ஒரு நேரத்தில் ஒரு வேலை. ஐந்து சாமானை ஒன்றாக மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.
3. மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.
4. புதுச் சாமானுக்கு பில் கேளுங்கள்.
5. பெரிய செலவு என்றால் இன்னொரு பட்டறையில் ஒரு கருத்துக் கேளுங்கள்.
6. வேலை முடிந்ததும், முன்பு திணறிய அதே மேட்டில், அதே அளவு பாரத்தோடு ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

மலைப்பாதையில் போகிறவர்களுக்கு

அந்தியூரிலிருந்து பர்கூர் போகும் பாதை, வரட்டுப்பள்ளம் அணைப் பக்கம் தாண்டியதும் காட்டுக்குள் ஏறும். யானை நடமாட்டம் உள்ள பாதை. இழுவை குறைந்த வண்டியில் பாரத்தோடு, பொழுது சாய்ந்த பிறகு ஏறாதீர்கள். ஏற்றத்தில் நின்றுபோனால் பின் சக்கரத்துக்கு வைக்க ஒரு கட்டை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரல் போட்டோ, எஞ்சினை அணைத்தோ வரவே கூடாது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் நின்றுவிடும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். வண்டியில் வருவது சரக்கு மட்டுமல்ல, நம் வீட்டு ஆட்களும்தான்.

குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மாடும் குதிரையும் வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். பார்க்காமல் யாரும் பணத்தை எடுப்பதில்லை. வண்டிக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போதும் சகோதரிகளே.

குழுக் கூட்டத்தில் கலந்துபேச

1. நம் குழுவில் யார் யார் வீட்டில் வண்டி உள்ளது? கடைசியாக ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றிய தேதி தெரியுமா?
2. திடீரென்று வந்த இழுவைக் குறைவுக்கும் மெல்ல வந்த குறைவுக்கும் என்ன வித்தியாசம்? ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லுங்கள்.
3. வண்டிப் பழுதுக்கு உள்கடன் கேட்டால், எழுதி வாங்கிய செலவுக் கணக்கும் சோதனை விவரமும் மனுவோடு வர வேண்டும் என்று தீர்மானம் போடலாமா?
4. எந்த நிலையில் வண்டியைச் சரிசெய்வதைவிட விற்பது நல்லது?

செய்து பார்க்க: அடுத்த கூட்டத்துக்குள் ஒரு வண்டியை நிறுத்தி, டேங்க் மூடி, ஏர் ஃபில்டர், ஆக்சிலேட்டர் கேபிள் ஆகிய மூன்றையும் எல்லா உறுப்பினரும் தங்கள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அன்றைக்கே வண்டி நோட்டையும் தொடங்கிவிடுங்கள்.